நம்ம ஆளுங்க மட்டும்தான் பாக்கி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நோன்பு மாதத்தின் நடுவில் நடந்தது இது. இடம் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலை. ஏர்கோன் ரிமோட்டுகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்தவள் நான். என் மகள் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வந்த பிறகும் அதே கேட், அதே நீலச் சட்டை, கிள்ளானிலிருந்து கிளம்பும் அதே பேக்டரி பஸ். கடைசியில் தரம் பார்க்கும் லைனுக்கு லீடராக இருந்தேன்.

வேலை போகப்போகிறது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். இயந்திரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மரப்பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணிருப்பவர்களுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? வேறொரு நாட்டில் கூலி குறைவாம், அங்கே போகிறார்களாம். போகட்டும். அவர்கள் கம்பெனி, அவர்கள் இயந்திரம். வேலை போனதற்காக நான் இதை எழுதவில்லை. அதை எங்களிடமிருந்து எடுத்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எச்.ஆர். பிரிவில் ஒரு தமிழ் அதிகாரி இருந்தார். என்னைவிட இளையவர். அத்தனை வருடங்களில் அவர் எங்களிடம் தமிழ் பேசி நான் கேட்டதே இல்லை. லீவு கேட்டுப் போய் நாம் தமிழில் ஆரம்பித்தால் அவர் மலாயில் பதில் சொல்வார். மாடிப்படியில் எதிரே வந்தால் ஆங்கிலத்தில் ஒரு குட்மார்னிங், அதுவும் நாம் முந்திக்கொண்டால்தான். தமிழ் தெரியாதோ என்றுகூட சில பெண்கள் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு வேலை முடிகிற நேரத்தில் அவர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போனால், “வாங்கக்கா, உக்காருங்க” என்றார். மேசையில் தேத்தண்ணீரும் ஒரு தட்டில் கறிபாப்பும் இருந்தன. மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு முதுகுவலி தேவலையா என்று கேட்டார். லோரி ஓட்டி முதுகு போன என் கணவரைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவே இல்லை. அக்கா என்ற அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம் பிள்ளை, படித்துப் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, நம்மை மதித்துப் பேசுகிறது என்று பெருமைகூட வந்தது.

பிறகு விஷயத்துக்கு வந்தார். கம்பெனி ஆட்களைக் குறைக்கப் போகிறது. ஆட்குறைப்பு என்று கடிதம் வாங்கினால் அது ஒரு கரும்புள்ளி, வேறு இடத்தில் சேர்க்க யோசிப்பார்கள். அதனால் நாமே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் கௌரவமாகப் போய்விடலாம். மலாயில் ஒரு மாதிரிக் கடிதம் வைத்திருந்தார். அதைப் பார்த்து நம் கையாலேயே எழுத வேண்டுமாம். வாசித்துத் தமிழில் அர்த்தமும் சொன்னார். சொந்தக் காரணங்களுக்காக, மனமுவந்து வேலையிலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது.

எனக்கு என்ன சொந்தக் காரணம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, அதெல்லாம் வெறும் பார்மாலிட்டி என்றார்.

நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “அக்கா, நம்ம ஆளுங்கன்னுதான் நானே நேர்ல பேசறேன். மலாய்க்காரங்க எல்லாம் சைன் பண்ணிட்டாங்க. சீனவங்களும் முடிச்சிட்டாங்க. நம்ம ஆளுங்க மட்டும்தான் பாக்கி. நாளைக்கு மேல இருக்கறவங்க, இந்த இந்தியனுங்களே இப்படித்தான், எப்பவும் கலாட்டான்னு சொன்னா எனக்கும் அசிங்கம்தானே?”

இப்போது தெரிந்த ஒன்று அப்போது எனக்குத் தெரியாது. கம்பெனி ஆட்களை நிறுத்தினால் வேலை பார்த்த வருடங்களுக்கேற்ப இழப்பீடு தரவேண்டும். மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடிக்கிறார்களே, அந்த அரசாங்க வேலையிழப்புக் காப்பீட்டிலிருந்தும் கொஞ்ச நாளைக்கு உதவி வரும். நாமாகவே விலகினோம் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டுக்கும் கும்பிடு. மனமுவந்து என்ற வார்த்தை அதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு நான் எழுதிக் கொடுக்காமல் வந்தது துணிச்சலால் என்று நினைத்துவிடாதீர்கள். வாசிக்கிற கண்ணாடியை லைனில் வைத்துவிட்டு வந்திருந்தேன். எடுத்து வருவதற்குள் பஸ் போய்விடும். பேக்டரி பஸ் யாருக்காகவும் நிற்காது. கண்ணாடி இல்லாமல் எழுதினால் கோணல்மாணலாகப் போகும், நாளைக் காலையில் வந்து எழுதித் தருகிறேன் என்று நானே சமாதானம் சொல்லிவிட்டு, அவர் கொடுத்த கறிபாப்பை டிஷ்யூவில் சுற்றிக்கொண்டு ஓடினேன். என்னைவிட என் வெள்ளெழுத்துக்குத்தான் அன்று புத்தி இருந்தது.

பஸ்ஸில் எங்கள் லைனில் வேலை செய்த ஓர் இளம்பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னால் அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன் அக்கா என்றாள். அந்த அதிகாரி அவள் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போனவர். வீட்டு விசேஷத்துக்கு வந்து சாப்பிட்டவர் முகத்துக்கு நேரே எப்படி முடியாது என்று சொல்வது என்று கேட்டாள். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. நம் ஜனங்களை முகதாட்சண்யத்தில் கட்டிப் போடுவதுபோல் கயிற்றால்கூடக் கட்ட முடியாது.

ஆனால் அன்று சாயங்காலம் என் கோபம் முழுவதும் அந்த அதிகாரி மேல் இல்லை. முன் சீட்டில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த என் மலாய்த் தோழி மேல் இருந்தது. பல வருடங்களாக லைனில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. என் பிள்ளைப்பேறு, அவள் மாமியார் சண்டை, எல்லாம் ஒருவருக்கொருவர் தெரியும். மற்ற மாதங்களில் ஒரே மேசையில் சாப்பிடுவோம். அவள் சம்பால் எனக்கு, என் ரசம் அவளுக்கு. அப்படிப்பட்டவள் ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாளே என்று பொருமினேன். பக்கத்து இருக்கையே இப்படி என்றால் இனி யாரை நம்புவது என்று பெரிய ஞானிபோல வேறு யோசித்துக்கொண்டேன்.

நோன்பு மாதம் என்பதால் அவளோடு சரியாகப் பேசியே பல நாள் ஆகியிருந்தது. வேலை நேரத்தில் லைனில் பேச விடமாட்டார்கள், இடைவேளையில்தான் பேச்சு. அந்த மாதத்தில் மலாய்ப் பெண்கள் கேன்டீன் பக்கம் வரமாட்டார்கள். தொழுகை அறையான சுராவில் தொழுதுவிட்டு அங்கேயே கொஞ்சம் கண்ணயர்வார்கள். நாங்கள் கேன்டீனில் ஒரு மூலை, சீனப் பெண்கள் இன்னொரு மூலை. கணக்குப் போட்டுத்தான் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தார்களா, இல்லை கம்பெனிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். எல்லாரும் போட்டுவிட்டார்கள் என்றால் நாம் மட்டும் முறைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது, போட்டுக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார் என்றார். காலையில் முதல் காரியமாகக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போவது என்று நானும் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது தோழி எனக்காக நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் நோன்புப் பெருநாளான ராயாவுக்கு அவள் வீட்டுக்கும் அவள் அக்கா தங்கைகள் வீட்டுக்கும் என்னிடம்தான் முறுக்கு சொல்லுவாள். நம் முறுக்கு இல்லாமல் அவர்களுக்குப் பெருநாள் மேசை நிறையாது. அவள் என் முகத்தைப் பார்க்காமல், “முறுக்கு தாக் ஜாடி லா, அக்கா” என்றாள். இந்த வருடம் முறுக்கு வேண்டாமாம்.

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நீ ஏன் முறுக்கை நிறுத்த வேண்டும், அதுதான் கம்பெனியோடு கமுக்கமாகப் பேசி முடித்துவிட்டாயே, உனக்கென்ன குறை என்று மலாயில் கொட்டினேன்.

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். யார் பேசி முடித்தது என்று கேட்டாள். நீங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது. நீங்கள்தானே போட்டுவிட்டீர்கள் என்றாள். இந்தியர்கள் திங்கட்கிழமையே ஒருவர் விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், சீனர்களும் கொடுத்துவிட்டார்கள், மலாய்க்காரர்கள் மட்டும்தான் பாக்கி, நம் இனத்துக்கு நன்றி தெரியாது என்று பேர் வந்துவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் அதே அறையில் உட்காரும் மலாய் அதிகாரி. நோன்பு மாதத்தில் பொறுமையாக இருந்தால் இறைவன் வேறு வழி காட்டுவான் என்று ஒரு போதனை வேறு. அவளும் மூன்று நாளாக என் மேல்தான் கோபமாக இருந்திருக்கிறாள். அன்று காலையில் எழுதிக் கொடுப்பதாக இருந்தாளாம், அதற்கு முன்னால் முறுக்கைச் சொல்லி நிறுத்திவிடலாம் என்று வந்திருக்கிறாள்.

இரண்டு பேரும் நேராக ஸ்டோருக்கு நடந்தோம். அங்கே ஒரு சீன ஆன்டி இருந்தார். அந்தத் தொழிற்சாலையில் எங்களைவிடப் பழையவர். நாங்கள் கேட்டதும் கையிலிருந்த ஸ்டிக்கர் சுருளை அப்படியே வைத்துவிட்டார். அவருக்குச் சொன்னவர் கணக்குப் பிரிவு மேனேஜர், சீனர். சொன்னதும் வேறொன்றுமில்லை. மலாய்க்காரர்களும் இந்தியர்களும் மறுபேச்சு பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், நம்மவர்கள் மட்டும் பேரம் பேசினால் நன்றாக இருக்குமா என்று.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள். இங்கே கூத்தாடி சும்மா காத்திருக்கவில்லை, அவனே ஊரை மூன்றாக்கிவிட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் மொழியிலேயே ஓர் ஆளை அனுப்பியிருக்கிறான். அந்த மூன்று பேரில் ஒருவருக்குக்கூட அந்தப் பொய் தொண்டையில் சிக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பத்து மணி இடைவேளைக்கு நாங்கள் மூன்று பேரும் மாடியேறினோம். வழியில் பார்த்த பெண்களிடம் தோழி விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்ததால், எச்.ஆர். கதவுக்கு வந்தபோது பின்னால் நாலைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். உள்ளே தமிழ் அதிகாரியும் மலாய் அதிகாரியும் எதிரெதிர் மேசையில் இருந்தார்கள். என்னைக் கண்டதும் நம்மவர் மலர்ந்த முகத்தோடு கடிதத்தை எடுத்து வைத்தார். கூட வந்தவர்களைப் பிறகுதான் பார்த்தார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். அதுவரை அவரை சார் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அன்று வேறு மாதிரி வந்தது.

“தம்பி, நேத்து தமிழ்ல எங்கிட்ட ஒண்ணு சொன்னீங்களே, அதையே இப்ப மலாயில சொல்லுங்க. இவங்களும் கேக்கட்டும்.”

அவர் ஆங்கிலத்தில் ஏதோ ஆரம்பித்தார். நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்பது போல. ஆங்கிலம் வேண்டாம், நேற்றுத் தமிழில் சொன்னது, அதை மலாயில் என்று மறுபடியும் கேட்டேன். அவர் மலாய் அதிகாரியைப் பார்த்தார். என் தோழி உடனே அந்தப் பக்கம் திரும்பி, நீங்கள் எனக்கு மலாயில் சொன்னதை இந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். சீன ஆன்டி, வந்தவர்கள் உட்காரும் நாற்காலியை இழுத்து நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகச் சொன்னபோது பதில் வந்த பிறகு போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஒருவரையொருவர் நீ போட்டாயா, நீ போட்டாயா என்று கேட்டுக்கொள்ளும் சத்தம் மூன்று மொழியிலும் கேட்டது. பெரிய மேனேஜர் வந்து, இன்றைக்கு யாரும் எதுவும் எழுத வேண்டாம், வேலைக்குத் திரும்புங்கள் என்றார்.

மறுநாள் தோழியின் பழைய காரில் மூவரும் லேபர் ஆபீசுக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் அதிகாரி கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் ஆட்குறைப்பு என்றால் என்ன, விலகல் என்றால் என்ன என்று எங்களுக்கு விளக்கினார். நாங்கள் எதை இழக்க இருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. காருக்குத் திரும்பி வந்தபின் தோழி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது நாலு அறை அறைய வேண்டும் போல இருந்தது.

சில வாரங்கள் இழுத்தடித்த பிறகு எங்களுக்கு முறையான ஆட்குறைப்புக் கடிதம் வந்தது. சேர வேண்டியதும் வந்து சேர்ந்தது. வேலை போனது போனதுதான். கடைசி நாளில் எல்லாருக்கும் ஒரு பெட்டி பிஸ்கட் கொடுத்து போட்டோ பிடித்தார்கள். நான் போட்டோவில் நிற்கவில்லை. இதற்கு நடுவில் வந்த ராயாவுக்குத் தோழி வீட்டுக்கு முறுக்கு சுட்டுக் கொண்டுபோனேன், காசு வேண்டாம் என்றதற்கு அவள் என்னோடு சண்டைக்கு வந்தாள்.

பிறகு வேலை தேடிய கதையைச் சொன்னால் அது வேறு ஒரு எரிச்சல். போனில் நன்றாகப் பேசுவார்கள், வயதைச் சொன்னதும் பிறகு அழைக்கிறோம் என்பார்கள். பல மாதங்கள் கழித்து பிரிக்பீல்ட்ஸில் பள்ளிச் சீருடை தைக்கும் ஓர் இடத்தில், தைத்து வந்ததைச் சரிபார்க்கிற வேலை கிடைத்தது. கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் போய் வருகிறேன். அந்த அதிகாரியும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்தானே, சொன்னதைச் செய்தார் என்று என் கணவர் அவ்வப்போது சமாதானம் சொல்வார். சம்பளத்துக்குத்தான் நானும் போனேன். அதற்காக யாரையும் அக்கா என்று கூப்பிட்டு நம்பவைத்துக் கழுத்தறுக்கவில்லை. கொஞ்ச நாளில் அவரையும் அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் எந்த மொழியில் சொன்னார்களோ.

போன தீபாவளிக்கு முன்பு, வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் வளையல் கடை போட்டிருந்த இடத்தில், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த இளம்பெண் நின்று விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ அடுக்க ஆரம்பித்தாள். நான் விடவில்லை, பக்கத்தில் போய் நின்றேன். லேபர் ஆபீசுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போக அப்போது எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அந்த அதிகாரிக்குச் சங்கடமாகிவிடும் என்று வரவே மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு, தலை நிமிராமலே சொன்னாள். “நான்தானக்கா என் கையால எழுதிக் குடுத்தேன். என் தப்புதானே.”

ஏமாற்றியவர்கள் அடுத்த கம்பெனியில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏமாந்தவள் வளையலுக்குப் பின்னால் முகத்தை மறைக்கிறாள். அந்தக் கூட்டத்தில், அத்தனை பேர் பார்க்க, அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, உன்னிடம் பொய் சொல்லி எழுதி வாங்கினார்கள், அது உன் தப்பு இல்லை, இன்னொரு தடவை என் காதுபட அப்படிச் சொல்லாதே என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் அழுதுகொண்டே வாடிக்கையாளருக்கு வளையல் அளவு பார்த்தாள்.

என் கோபம் ஆறட்டும் என்று பலரும் சொல்கிறார்கள். ஆற வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோயிலிலோ, கல்யாண வீட்டிலோ, வேலையிடத்திலோ யாராவது என் காதருகே வந்து, அவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், நம் ஆட்கள்தான் பாக்கி என்று ஆரம்பித்தால், இப்போதெல்லாம் நான் எழுந்து நடந்துபோய் அந்த அவர்களிடமே கேட்டுவிட்டு வந்துதான் பதில் சொல்கிறேன்.